லாக்கர்பி கோப்பு – 6: குடை வாங்கிய மனிதன்

மால்டா தீவு, ஸ்லீமா நகரம், டவர் ரோடு. 1989 செப்டம்பர் 1-ஆம் தேதி 'மேரிஸ் ஹவுஸ்' என்கிற சின்னத் துணிக்கடைக்குள் ஸ்காட்லாந்து போலீஸார் நுழைந்தார்கள். கடையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் டோனி கௌச்சி. குடும்பக் கடை. அவரும் சகோதரர் பாலும் மாற்றி மாற்றி வியாபாரம் பார்ப்பார்கள்.

போலீஸ் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். 1988 டிசம்பர் 21 இரவு, லண்டனிலிருந்து நியூயார்க் புறப்பட்ட பான் ஆம் 103 விமானம் லாக்கர்பி ஊருக்கு மேலே வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும் ஊர்க்காரர்கள் 11 பேரும் இறந்தார்கள். ஸ்காட்லாந்தின் வயலிலும் காட்டிலும் மாதக்கணக்கில் பொறுக்கிச் சேர்த்த கந்தல்களில் ஒன்று, 'யார்க்கி' என்ற மால்டாத் தயாரிப்புக் கால்சட்டையின் துண்டு. அதில் தப்பிப் பிழைத்திருந்த ஆர்டர் எண்ணை வைத்துத் தொழிற்சாலைக்குப் போனார்கள். நவம்பர் 18 அன்று மேரிஸ் ஹவுஸுக்கு அனுப்பிய சரக்கு அது என்று அங்கே தெரிந்தது.

இதுவரை நடந்தது அருமையான துப்பறியும் வேலை. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இனி கேள்வி. ஒன்பது மாதத்துக்கு முன்னால், குளிர்காலத்தில், இன்னின்ன துணிகளை உங்களிடம் யாராவது வாங்கினார்களா?

நம் ஊர் ஜவுளிக்கடையில் போய், போன தீபாவளிக்கு முன்னால் ஒரு ஆள் வேட்டி, துண்டு, குழந்தைச் சட்டை வாங்கினாரே, அவர் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்ப்பார். கௌச்சி சிரிக்கவில்லை. ஞாபகம் இருக்கிறது என்றார்.

ஏன் ஞாபகம் இருந்தது என்பதற்கும் காரணம் சொன்னார். அந்த ஆள் வாங்கிய விதம் வேடிக்கையாக இருந்ததாம். அளவு பார்க்கவில்லை. என்ன வாங்குகிறோம் என்ற அக்கறையே இல்லை. கோட்டு, கால்சட்டைகள், பைஜாமா, கம்பளி மேலுடுப்பு, கைக்குழந்தைக்கு ஒரு நீல உடுப்பு என்று எடுத்துக் காட்டியதையெல்லாம் கட்டச் சொன்னார். பேச்சை வைத்து லிபியாக்காரர் என்று கௌச்சி அனுமானித்தார். கடைக்கு லிபியர்கள் அடிக்கடி வருவது வழக்கம். கடைசியில் வெளியே தூறல் போட்டதால் ஒரு கறுப்புக் குடையும் வாங்கினார். குடையை விரித்துக்கொண்டு டாக்ஸி பிடிக்கப் போனார்.

அந்தக் குடையின் மிச்சமும் நீல உடுப்பின் மிச்சமும் லாக்கர்பியில் கிடைத்தன.

ஆக, கடை சரி. வியாபாரமும் நடந்தது. குண்டு வைத்த சாம்சோனைட் பெட்டியை நிரப்பிய துணிகள் இங்கிருந்துதான் போயின. இதை இன்றுவரை யாரும் பெரிதாக மறுத்ததில்லை. மிச்சம் இருப்பது இரண்டே கேள்விகள். வாங்கியது யார்? எந்த நாளில்?

இந்த இரண்டு கேள்விக்குக் கிடைத்த பதிலில்தான் ஒரு மனிதனுக்கு ஆயுள் தண்டனை விழுந்தது.

* * *

முதலில் ஆள். கௌச்சி சொன்ன அடையாளம்: ஆறடி அல்லது அதற்கும் மேல் உயரம். வயது சுமார் 50.

பின்னாளில் குற்றவாளி என்று தீர்ப்பான அப்துல்பாசெத் அல்-மெக்ராஹிக்கு 1988 டிசம்பரில் வயது 36. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்.

கண்ணால் உயரம் அளப்பதில் யாருக்கும் தவறு வரும். ஆனால் கௌச்சி துணிக்கடைக்காரர். ஆளைப் பார்த்தே அளவு சொல்லிப் பிழைப்பு நடத்துகிறவர். பதினான்கு வயது வித்தியாசமும் நான்கு அங்குல வித்தியாசமும் ஒரே நேரத்தில் தவறிப்போவது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

மெக்ராஹியின் படம் அவர் கைக்குப் போனது 1991 பிப்ரவரியில். பன்னிரண்டு படங்களை வரிசையாக வைத்தார்கள். பார்த்துவிட்டு, எல்லோரும் அந்த ஆளைவிட இளையவர்கள் என்றார். வயது வித்தியாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள் என்றார் விசாரணை அதிகாரி. மறுபடியும் பார்த்தார். எட்டாம் எண் படத்தைக் காட்டி, இவர் ஒத்திருக்கிறார், ஆனால் பத்து வயதாவது கூட இருக்க வேண்டும் என்றார். எட்டாம் எண் படம் மெக்ராஹி.

ஒத்திருக்கிறார். அவ்வளவுதான். இவரேதான் என்று கௌச்சி கடைசிவரை ஒரு தடவைகூட உறுதியாகச் சொல்லவில்லை. 1999 ஏப்ரலில் நெதர்லாந்தில் நடந்த அடையாள அணிவகுப்பிலும் அப்படியே சொல்லவில்லை, கொஞ்சம் அவர்போல இருப்பவர் என்றே ஐந்தாம் எண்ணில் நின்ற மெக்ராஹியைக் காட்டினார். அதற்கு நான்கு நாள் முன்பு, குண்டுவெடிப்போடு தொடர்புபடுத்தி மெக்ராஹியின் படத்தைப் போட்டிருந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையை அவர் பார்த்திருந்தார் என்பது பிற்பாடு வெளியே வந்தது.

இன்னொரு படத்தையும் பார்த்து அவர் 'ஒத்திருக்கிறார்' என்று சொன்னதுண்டு. அது முகமது அபு தாலிப் என்ற எகிப்தியர். சுவீடனில் வாழ்ந்தவர். 1985-இல் கோபன்ஹேகனில் குண்டு வைத்த வழக்கில் சுவீடன் நீதிமன்றம் 1989-இல் தண்டித்த ஆள். 1988 அக்டோபரில் மால்டாவுக்கு வந்துபோனவர். அவரை ஏன் விட்டார்கள் என்பது தனிக்கதை. இரண்டு வாரம் கழித்து அவரிடம் வருவோம்.

* * *

இப்போது நாள்.

துணி வாங்கியது என்றைக்கு என்று கௌச்சிக்குத் தேதி தெரியாது. வார நடுவில் ஒரு நாள், மாலை நேரம், கடை சாத்தப் போகும் சமயம். அன்று பால் கடையில் இல்லை, வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதான்.

போலீஸ் கால்பந்து அட்டவணையைத் தேடியது. இத்தாலியின் ரோமா அணியும் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் அணியும் அந்தக் குளிர்காலத்தில் யூஈஎஃப்ஏ கோப்பைக்காக இரண்டு தடவை மோதின. நவம்பர் 23, டிசம்பர் 7. இரண்டுமே புதன்கிழமை.

மெக்ராஹி டிசம்பர் 7 அன்று மால்டாவில் இருந்தார். தங்கியது ஸ்லீமா ஹாலிடே இன். கடையிலிருந்து நடந்துபோகும் தூரம். நவம்பர் 23 அன்று அவர் மால்டாவில் இருந்ததற்கு ஒரு துளி ஆதாரமும் கிடையாது.

எனவே டிசம்பர் 7 என்றால் அவர் மாட்டினார். நவம்பர் 23 என்றால் வழக்கே போச்சு. 270 பேர் கொலை வழக்கு ஒரு கால்பந்துப் போட்டியின் இரண்டு தேதிகளுக்கு நடுவில் வந்து நின்றது.

எதை வைத்து முடிவு செய்வது? குடையை வைத்து.

மழை பெய்த நாள்தானே குடை வாங்கிய நாள்? மால்டாவின் வானிலைத் துறைத் தலைமை அதிகாரி சாட்சி சொல்ல வந்தார். லூக்கா விமான நிலையத்தில் பதிவான கணக்கு அவர் கையில் இருந்தது. நவம்பர் 23 அன்று பகலிலிருந்து மாலைவரை விட்டு விட்டுத் தூறல். டிசம்பர் 7 அன்று காலையில் கொஞ்சம் ஈரம் பட்டதோடு சரி, மாலையில் ஒன்றும் இல்லை. லூக்காவுக்கும் ஸ்லீமாவுக்கும் சுமார் ஐந்து கிலோமீட்டர். அங்கே பெய்யாமல் இங்கே மட்டும் நாலு சொட்டு விழுந்திருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டபோது, பத்து சதவீதம் இருக்கலாம் என்றார்.

பத்து சதவீதம். நான்கு சொட்டுக்கு.

இன்னொரு அளவுகோலும் இருந்தது. 1989-இல் கொடுத்த வாக்குமூலத்தில், அந்த ஆள் வந்தபோது தெருவில் கிறிஸ்துமஸ் விளக்குகள் இன்னும் போடவில்லை என்று கௌச்சி சொல்லியிருந்தார். பதினொரு வருஷம் கழித்து நீதிமன்றத்தில், போட்டிருந்தார்கள் என்றார். ஸ்லீமாவில் அந்த வருஷம் விளக்கு எரியத் தொடங்கியது டிசம்பர் 6. அதாவது முதலில் சொன்னது உண்மையானால் மெக்ராஹி மால்டாவில் கால் வைப்பதற்கு முன்பே வியாபாரம் முடிந்துவிட்டது. விளக்குத் தேதி பற்றிய இந்தத் தகவல் விசாரணையின்போது நீதிபதிகள் முன் வரவேயில்லை.

சட்டை விஷயம் இன்னும் விசித்திரம். குண்டை வெடிக்க வைத்த நேரக்கருவியின் சில்லு, நகத்தளவு பச்சை நிற மின்சுற்றுத் துண்டு, ஒரு 'ஸ்லாலம்' சட்டையின் காலரில் பொதிந்திருந்தது என்பது அரசுத் தரப்பு. 1990 ஜனவரியில் கௌச்சியிடம் கேட்டார்கள். அந்த ஆளுக்குச் சட்டை விற்கவேயில்லை என்றார். அதே வருஷம் செப்டம்பரில் மறுபடியும் கேட்டார்கள். இரண்டு சட்டை விற்றதாக இப்போது ஞாபகம் வருகிறது என்றார்.

நாள் ஆக ஆக மங்குவதுதான் மனித ஞாபகம். கௌச்சியின் ஞாபகம் மட்டும் நாள் ஆக ஆகத் தெளிந்துகொண்டே வந்தது.

* * *

கௌச்சி பொய்யர் என்று நான் சொல்ல வரவில்லை. வழக்கைப் படித்தவர்களில் பெரும்பாலோர் அவரை எளிய மனிதர், போலீஸுக்கு உதவ நினைத்தவர் என்றே சொல்கிறார்கள். ஒரே ஆளிடம் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப அதே கேள்வியைக் கேட்டால், கேட்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்பது அவருக்கும் புரிந்துபோகும்.

பணமும் குறுக்கே வந்தது. விசாரணை அதிகாரி ஒருவரின் நாட்குறிப்பில், தகவல் தருவோருக்குக் கொடுக்க அமெரிக்கா தரப்பில் பணத்துக்குப் பஞ்சமில்லை, உடனடியாக 10,000 டாலர் தயார் என்ற பொருளில் குறிப்பு இருந்தது. கௌச்சி சகோதரர்களுக்கு வெகுமதியில் அக்கறை இருந்ததாகவும் போலீஸ் குறிப்புகள் சொல்கின்றன. எதையும் மெக்ராஹியின் வக்கீல்களிடம் காட்டவில்லை. வழக்கு முடிந்தபின் டோனிக்கு 20 லட்சம் டாலரும் பாலுக்கு 10 லட்சம் டாலரும் அமெரிக்க அரசின் வெகுமதித் திட்டத்திலிருந்து போய்ச் சேர்ந்தன. இது சாட்சி சொன்னதற்குக் கூலி என்று நான் எழுதவில்லை. ஆனால் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

மெக்ராஹியைக் குற்றம்சாட்டி 1991-இல் ஆவணத்தில் ஒப்பமிட்ட ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞர் பீட்டர் ஃப்ரேசர், 2005-இல் ஒரு பேட்டியில் கௌச்சியின் புத்திக்கூர்மையைக் கேலி செய்கிற மாதிரிப் பேசினார். யாருடைய வார்த்தையை நம்பி வழக்குப் போட்டாரோ அந்த மனிதரைப் பற்றி! அந்தப் பேட்டிக்கு அப்புறம் இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பலர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

லிபியாவை மாட்டிவிட்டதே அரசியல் கணக்கு என்று ஒரு வாதம் உண்டு. 1990 ஆகஸ்டில் சதாம் குவைத்துக்குள் புகுந்தார், அமெரிக்காவுக்குச் சிரியாவின் தயவு தேவைப்பட்டது, ஆகவே அதுவரை சிரியா ஆதரவுக் குழுமீது இருந்த சந்தேகம் ராத்திரியோடு ராத்திரியாக லிபியா பக்கம் திரும்பியது என்பார்கள். கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அந்த மின்சுற்றுச் சில்லை ஜூரிச்சின் மெபோ நிறுவனத்து நேரக்கருவியோடு எஃப்பிஐ பொருத்திப் பார்த்தது ஜூனிலேயே, குவைத்துக்கு முன்பே. நாட்காட்டி ஒத்துழைக்காத சதியை நான் நம்புவதில்லை.

* * *

2001 ஜனவரி 31. நெதர்லாந்தின் கேம்ப் ஸைஸ்ட். பழைய அமெரிக்க விமானப்படைத் தளத்தில் ஸ்காட்லாந்துச் சட்டப்படி அமைத்த தனி நீதிமன்றம். ஜூரி இல்லை, மூன்று நீதிபதிகள். இரண்டு லிபியர்கள் கூண்டில். லாமின் கலீஃபா ஃபிமா விடுதலை. மெக்ராஹி குற்றவாளி. இரண்டு பேரும் சேர்ந்து செய்த சதி என்றுதான் அரசுத் தரப்பு வழக்கையே கட்டியிருந்தது. கூட்டாளியே இல்லாமல் சதி மட்டும் நின்றது.

தீர்ப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். ஆச்சரியமான ஆவணம் அது. நீதிபதிகள் ஓட்டைகளை மறைக்கவில்லை. சிஐஏவுக்குத் தகவல் கொடுத்த ஜியாகா என்ற முக்கிய சாட்சியைப் பெரும்பாலும் தள்ளினார்கள். லூக்கா விமான நிலையத்தில் அந்தப் பெட்டி எப்படி விமானத்தில் ஏறியது என்பதற்கு விளக்கமே இல்லை, அரசுத் தரப்புக்கு இது பெரிய சிக்கல் என்றும் எழுதினார்கள். அன்று மால்டாவிலிருந்து ஃபிராங்க்பர்ட் போன கேஎம் 180 விமானத்தில் ஏற்றியது 55 பெட்டிகள், ஆளில்லாத பெட்டி எதுவும் இல்லை என்பது விமான நிலையத்து ஏடு. கௌச்சி அடையாளம் காட்டியது முழுமையானது இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். இத்தனையையும் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பொருந்தி வருகிறது என்று முடித்தார்கள். டிசம்பர் 7 என்றார்கள்.

நியாயத்துக்காக மறுபக்கமும் சொல்ல வேண்டும். மெக்ராஹி பரிசுத்தர் இல்லை. லிபிய உளவுத்துறையோடு தொடர்புள்ளவர். டிசம்பர் 21 காலையில் அப்துஸமத் என்ற பெயரில் எடுத்த பாஸ்போர்ட்டோடு லூக்கா விமான நிலையத்தில்தான் இருந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தப் பயணத்தைப் பற்றிப் பொய் சொன்னார். அவர்மீது சந்தேகப்பட எல்லாக் காரணமும் இருந்தது. சந்தேகத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் இருந்த பள்ளத்தைத்தான் ஒரு குடை நிரப்பியது.

தீர்ப்பு வாசித்த நொடியில் பார்வையாளர் வரிசையில் ஒருவர் மயங்கிச் சாய்ந்தார். ஜிம் ஸ்வைர். ஆங்கிலேய மருத்துவர். மகள் ஃப்ளோராவை அந்த விமானத்தில் பறிகொடுத்தவர். விசாரணையைக் கேட்கக் கேட்க அவர் மனம் மாறியிருந்தது. கூண்டில் நிற்பவர் கொலைகாரர் இல்லை என்று முடிவுக்கு வந்திருந்தார். அன்று தொடங்கி அந்த மனிதருக்காகப் போராடினார். ஐநா சார்பில் வழக்கைக் கவனித்த ஆஸ்திரியப் பேராசிரியர் ஹான்ஸ் கோக்லரும் தீர்ப்பைக் கடுமையாகக் கண்டித்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரிவு பின்னால் வரும். 2002-இல் முதல் மேல்முறையீடு தள்ளுபடி. 2007-இல் ஸ்காட்லாந்தின் குற்ற வழக்கு மறுஆய்வு ஆணையம், துணி வாங்கியது டிசம்பர் 7 என்ற முடிவுக்கு நியாயமான அடிப்படை இல்லை என்றது. நீதி தவறியிருக்கலாம் என்று ஆறு காரணம் காட்டி வழக்கைத் திருப்பி அனுப்பியது. போலி ஆதாரம் புகுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டை அதே ஆணையம் ஏற்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2009-இல் புற்றுநோய் முற்றிய மெக்ராஹி மேல்முறையீட்டைக் கைவிட்டார், கருணை அடிப்படையில் விடுதலையாகி லிபியா போனார், 2012-இல் இறந்தார். குடும்பம் தொடர்ந்த வழக்கையும் 2021-இல் நீதிமன்றம் தள்ளியது. சட்டப்படி அவர் இன்றும் குற்றவாளி. குண்டைச் செய்தவர் என்று அமெரிக்கா குற்றம்சாட்டும் அபு அகிலா மசூத் 2022 முதல் அவர்கள் காவலில் இருக்கிறார், குற்றமற்றவன் என்கிறார்.

ஆனால் நாம் இப்போது 2001-க்கே திரும்ப வேண்டும். தீர்ப்பு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பரில், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் முன்பு காவலராக வேலை பார்த்த ஒருவர் பத்திரிகையிடம் வாய் திறந்தார். குண்டு வெடித்த நாளுக்கு முந்தைய நள்ளிரவில், மூன்றாம் முனையத்தில் பெட்டிகளை வைக்கும் பகுதிக்குப் போகும் கதவின் பூட்டு அறுபட்டுக் கிடந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அன்றே மேலிடத்துக்கு எழுத்தில் கொடுத்தார். 1989 ஜனவரியில் போலீஸ் அவரை விசாரித்தது. பன்னிரண்டு வருஷம் அது கோப்பில் தூங்கியது. கேம்ப் ஸைஸ்டில் நடந்த 84 நாள் விசாரணையில் அந்தப் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

ஹீத்ரோவில் பெட்டி ஏறியிருந்தால், பெட்டி வந்த வழி என்று அரசுத் தரப்பு சொன்ன மால்டாவும் வேண்டாம், ஃபிராங்க்பர்ட்டும் வேண்டாம். அன்று மாலை அங்கே தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிய சுமை ஏற்றும் தொழிலாளி ஒருவர், தான் போகும்போது இல்லாத ஒரு பழுப்பு நிற சாம்சோனைட் பெட்டியை ஏவிஈ 4041 என்ற சரக்குக் கூண்டுக்குள் பார்த்தார். ஃபிராங்க்பர்ட் விமானம் அப்போது லண்டனில் இறங்கவே இல்லை. குண்டு வெடித்தது அதே கூண்டில்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. லாக்கர்பிக்கு இரண்டு மாதம் முன்பு, ஜெர்மனியின் நொய்ஸ் நகரத்தில், முன்பு சொன்ன அந்தச் சிரியா ஆதரவுப் பாலஸ்தீனக் குழுவை வளைத்துப் பிடித்த ஜெர்மன் போலீஸ், தோஷிபா ரேடியோவுக்குள் மறைத்த குண்டு ஒன்றைக் கைப்பற்றியது. விமானம் மேலே ஏறி காற்றழுத்தம் குறைந்தால் விழித்துக்கொள்ளும் வகை. கிளம்பிய 35 முதல் 45 நிமிடத்துக்குள் வெடிக்கும்படி செய்தது.

பான் ஆம் 103 ஹீத்ரோவில் தரையை விட்டு எழும்பியது மாலை 6.25-க்கு. வெடித்தது 7.03-க்கு. அந்த 38 நிமிடத்தை அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.

(தொடரும்)